இரண்டாம் வசனம் அத்தைக்கு

போன வாரம் நம் வாலிபர் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சு வந்தது, ஞாபகம் இருக்கிறதா? தினமும் வேதம் வாசிக்க யாருக்கு நேரம் கிடைக்கிறது என்று. பாதிப் பேர் சிரித்தோம். காலையில் போனைத் திறந்தால் யாரோ ஒருவர் சூரியன் உதிக்கிற படத்தின் மேல் ஒரு வசனத்தைப் போட்டிருப்பார், அதற்கு ஒரு ஆமென் போட்டுவிட்டுப் பல் தேய்க்கப் போய்விடுகிறோம், அதுதான் நம் வாசிப்பு என்று ஒருவர் சொன்னார். அதற்கும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கே பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. ஆனால் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்போது போன் செய்கிற வேலையை, நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தது. வசனப்பெட்டி. உங்களில் சிலர் வீட்டிலும் இருந்திருக்கும். சோப்பு டப்பா அளவு பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே ரோஸ், பச்சை, மஞ்சள் என்று விரல் நீளச் சீட்டுகள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வாக்குத்தத்த வசனம், கடவுள் வாக்குக் கொடுக்கிற மாதிரி ஒரு வரி. கன்வென்ஷன் கூட்டத்துக்கு வெளியே தரையில் விரித்து விற்ற கடையில் அம்மா வாங்கியது. மூடியின் நடுவே ஒரு விரிசல். திறந்தால் பழைய காகிதமும் மெழுகுவர்த்தியும் கலந்த மாதிரி ஒரு வாசனை வரும். அந்த வாசனையை நான் பிறகு எங்கும் முகர்ந்ததில்லை.

தினமும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, சீட்டுகளின் தலையை விரலால் ஒருதரம் தடவிவிட்டு, ஒன்றை உருவுவார். சத்தமாக வாசிப்பார். பிறகு ஒரு ஜெபம். நேற்றுச் சொன்னதே இன்றும், இன்று சொன்னதே நாளையும். ஆமென். அவரவர் வேலையைப் பார்க்க எழுந்துவிடுவோம். பெரிய வேதாகமம் ஜிப் வைத்த உறைக்குள் பீரோவின் மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கு எங்களோடு வரும். வந்ததும் மறுபடி மேலே ஏறிக்கொள்ளும்.

நாங்கள் இருந்தது ராஜபாளையத்தில், மில் சங்கு கேட்கிற தூரத்தில். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டுக்குள் நுழையும்போதே தலையிலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பஸ்ஸில் போய்வருவாள். சாதாரண நாளில் அவள் பையைத் திறந்தால் மருந்து வாசனை, சம்பள நாளில் பால்கோவா வாசனை. நான் பையை மோந்து பார்த்தே தேதி சொல்வேன் என்று அம்மா கிண்டல் பண்ணுவாள்.

சீட்டை உருவுவதில் எனக்கு எந்தக் குறையும் தெரிந்ததில்லை. அப்பா சின்னச் சின்ன விஷயங்களையும் அந்தப் பெட்டியிடம் கேட்பார். வீடு மாறலாமா, அம்மாவுக்குத் தையல் மிஷின் வாங்கலாமா, எல்லாமே. மாறலாம் என்கிற மாதிரி ஏதோ வரும், மாறுவோம். அந்த வருஷம்தான் அவர் அத்தையைப் பற்றிக் கேட்டார்.

அத்தைக்கு மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. மதுரையில் நேர்முகத் தேர்வு முடித்துத் தேர்வாகியும்விட்டாள். மாதக் கடைசிக்குள் வருகிறேன், வரவில்லை என்று மதுரைக்கே போய்ச் சொல்லிவிட வேண்டும். போய்வந்த நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஐசியூ எத்தனை படுக்கை, என்னென்ன மெஷின் என்று சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். இங்கே மெஷின் படத்தைப் புத்தகத்தில்தான் பார்த்தேன், அங்கே கையால தொடப்போறேன் என்றாள்.

அப்பா சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். பெட்டியை எடுத்தார். அன்றைக்கு வெகுநேரம் கண்ணை மூடியிருந்தார். உருவிய சீட்டு பச்சை நிறம், நன்றாக நினைவிருக்கிறது. இந்தத் தேசத்திலேயே குடியிரு, நான் உன்னோடு இருந்து உன்னை ஆசீர்வதிப்பேன் என்று பொருள்படும் வசனம். அப்பா அதை இரண்டுமுறை வாசித்தார்.

"பாத்தியாத்தா. ஆண்டவரே சொல்லிட்டாரு."

அத்தை இன்னொரு சீட்டு எடுக்கலாமா என்று கேட்டாள். ஒருதரம் கேட்டாச்சுன்னா கேட்டாச்சு, அவரையே சோதிச்சுப் பாக்கக் கூடாது என்றார் அப்பா. அம்மாவுக்கு அத்தை போகவேண்டும் என்றுதான் ஆசை. எனக்கு அது தெரியும். ஆனால் வசனம் வந்தபிறகு அம்மா என்ன பேசுவாள்? அத்தை எழுந்துபோய் மறுநாள் யூனிஃபார்முக்குக் கஞ்சி போட ஆரம்பித்தாள். அழவில்லை. அந்த வெள்ளைச் சேலை மறுநாள் பலகை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

அடுத்த வாரம் பெட்டி தொலைந்தது.

எதிர்வீட்டு அம்மா பித்தப்பைக் கல்லுக்காக அத்தை வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எங்கள் பெட்டியின் மேல் அவருக்கு ஒரு பிரியம். உங்க சாமிகிட்டயும் ஒரு சீட்டு வாங்கிக்கிடறேன் என்று கேட்டு எடுத்துக்கொள்வார். சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போகும்போது அம்மா பெட்டியைக் கொண்டுபோவது வழக்கம்தான். அன்றைக்கும் கொண்டுபோனாள். அந்த அம்மாவும் படுத்தபடியே ஒன்றை உருவி, அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாராம். திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டம். மடியில் வைத்திருந்த பெட்டியை அம்மா ஜன்னலோர இடுக்கில் வைத்தாள், ஒரு கைக்குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், ராஜபாளையம் வந்ததும் குழந்தையைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள். பஸ் தென்காசிக்குப் போய்விட்டது.

அப்பா பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்தார். கண்டக்டர்கள் சிரிக்கவில்லை, ஆனால் கிடைக்கவும் இல்லை. அடுத்த கன்வென்ஷன் வரும்வரை புதுப் பெட்டியும் கிடைக்காது. மறுநாள் நாலு பேரும் வழக்கம்போலப் பாயில் உட்கார்ந்தோம். அப்பாவின் கை பெட்டி இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது.

அத்தை நிமிர்ந்து பீரோவைப் பார்த்தாள். "அண்ணே, புஸ்தகம்தான் இருக்கே. மொதல்லருந்து வாசிப்போம்."

"மொதல்லருந்தா? எம்புட்டு நாளாகும்?"

"ஆகட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு அதிகாரம், சாயங்காலம் ஒரு அதிகாரம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். முதல் வசனம் அம்மா, இரண்டாவது அத்தை, மூன்றாவது அப்பா, நாலாவது நான், மறுபடி அம்மா. சொல்வது எளிது. அப்பாவின் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அத்தையின் டூட்டி அவள் ஆஸ்பத்திரி இஷ்டப்படி மாறும். நாலு பேரும் ஒன்றாக வீட்டில் இருக்கிற நேரத்தை அம்மா தேடிப் பிடிப்பாள். சில நாள் அப்பா குளிப்பதற்கு முன்பே, பஞ்சு உடம்போடு. சில நாள் அத்தை பஸ்ஸுக்குக் கிளம்பி ஒரு காலில் செருப்போடு. அப்பா பக்கம் திருப்பும்போது பஞ்சுத் துணுக்கு ஒன்று ஏட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அந்த வேதாகமத்தின் ஆதியாகமப் பக்கங்களில் இன்றும் ஒன்றிரண்டு இருக்கிறது. நான் எடுத்துப் போடுவதில்லை.

என் பிரச்சினை வேறு. அடுத்து எனக்கு எந்த வசனம் வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்வேன். வாயில் நுழையாத பேர்கள் வந்தால் மனசுக்குள் ஒத்திகை. இதை நீங்களும் செய்திருக்கிறீர்கள், மறைக்காதீர்கள். அடுத்தவர் வாசிப்பது காதில் விழாது, நம் வசனம் மட்டும் தொண்டையில் நிற்கும். முதல் சில நாள் நான் வேதத்தில் நாலில் ஒரு பங்குதான் கேட்டேன்.

பிறகு கதை என்னை இழுத்துக்கொண்டது. என்னை மட்டுமல்ல. அப்பாவுக்கு லாபானைக் கண்டால் ஆகவில்லை. யாக்கோபிடம் ஏழு வருஷம் வேலை வாங்கிவிட்டு, அவன் கேட்ட ராகேலுக்குப் பதில் அக்கா லேயாளைக் கட்டிக்கொடுத்து, கூலியை மாற்றி மாற்றிப் பேசுகிற அந்த மாமனார் எங்கள் மில் சூப்பர்வைசரேதான் என்றார். மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் கேள்வி, யாக்கோபு தப்பிச்சுட்டானா என்பதுதான். அம்மா லேயாளுக்காகப் பேசினாள். கண் கூச்சப்பார்வை என்று எழுதியிருக்கிறதே, அந்தப் பிள்ளை என்ன பண்ணும் என்றாள். ராகேல் பிரசவத்தில் இறந்த நாளில் அத்தை தன் வசனத்தை வாசித்துவிட்டுச் சற்று நிறுத்தினாள். இப்ப இருந்தா காப்பாத்தியிருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். யாருக்கோ நேற்று நடந்த மாதிரி இருந்தது.

ஜெபமும் மாறியது. எப்போது மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. பழைய ஜெபம் நேராக ஓடும். இப்போது அப்பா நடுவில் நிறுத்தி யோசித்தார். மில்லில் ஒருவருக்குக் கையில் அடிபட்டதைச் சொன்னார். எனக்குக் கணக்கு வரவில்லை என்பதைச் சொன்னார், அது எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் சொல்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

மஸ்கட் பேச்சை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அது பாயில் எங்களோடு உட்கார்ந்திருந்தது. ஆபிரகாமைத் தேசத்தை விட்டுப் புறப்படச் சொல்கிற அதிகாரம் வந்த நாளில் அம்மா அந்த முதல் வசனத்தை வாசித்தாள், அத்தை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா புத்தகத்தைப் பார்த்தார்.

பிறகு யாக்கோபின் அப்பா ஈசாக்கின் அதிகாரம் வந்தது. தேசத்தில் பஞ்சம் என்று அம்மா தொடங்கினாள். எகிப்துக்குப் போகாதே என்கிற இரண்டாவது வசனம் அத்தைக்கு விழுந்தது. வாசித்தாள். மூன்றாவது அப்பாவுக்கு. அது அந்தப் பச்சைச் சீட்டு. அதே வரி. தொலைந்துபோனது திரும்பிக் கிடைத்த மாதிரி அப்பாவின் முகம் மலர்ந்தது. விரலை அந்த வரியின் மேல் வைத்து, "இந்தா வந்துட்டுல்லா. பெட்டி போனாலும் வசனம் போகல" என்றார்.

அது ஈசாக்குக்குச் சொன்னது, பஞ்சத்துக்குப் பயந்து போகப் பார்த்தவருக்கு என்றாள் அத்தை. வசனம் எல்லாருக்கும்தான் என்றார் அப்பா. அன்றைக்கு அத்தை மீதி அதிகாரத்தைத் தன் முறை வரும்போதெல்லாம் தெளிவாக, குரல் உயர்த்தாமல் வாசித்தாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். மறுநாள் அவளே பாயை விரித்தாள். வாசிப்பை நிறுத்திவிடுவாள் என்று நினைத்திருந்தேன். நிறுத்தவில்லை. தன்னைப் போக வேண்டாம் என்று சொன்ன புத்தகத்தையே தினமும் திறந்து உட்காருவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

மழை பிடித்துவிட்டது. மேற்கே மலை தெரியாத அளவுக்கு மூட்டம். மாதக் கடைசி நெருங்கியது. ஒரு நாள் பள்ளி விட்டு வந்து, சாயங்கால அதிகாரத்தில் பேர்ப் பட்டியல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். இருந்தது, யாக்கோபின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், ஒரு பெரும் படை. ஒத்திகை பார்க்கலாம் என்று மேலே போனேன். முதல் நாலு வசனத்தில் நின்றுவிட்டேன். அம்மா, அத்தை, அப்பா, நான் என்று எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். புத்தகத்தை மூடிவிட்டு வாசலுக்கு ஓடிப்போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வைத்துக்கொண்டேன்.

அப்பா ஷிப்ட் முடிந்து நனைந்து வந்தார். அத்தையும் வந்தாள். பாயில் உட்கார்ந்தோம்.

யாக்கோபு தனக்குள்ள எல்லாவற்றோடும் புறப்பட்டதை அம்மா வாசித்தாள். கடவுள் அவரைப் பேர்சொல்லி இரண்டுதரம் கூப்பிட்டதை அத்தை வாசித்தாள். அப்பா தொடங்கினார். எகிப்துக்குப் போகப் பயப்படாதே என்கிற இடத்தில் குரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து வாசித்து முடித்தார். நாலாவது என்னுடையது. நான் உன்னோடே வருவேன், உன்னைத் திரும்பவும் வரப்பண்ணுவேன் என்கிற வசனம். ஒத்திகை பார்க்காமலே வாசித்தேன்.

அம்மா ஐந்தாவதைத் தொடர்ந்தாள். பேர்களையெல்லாம் யாரும் சிரிக்காமல், ஒருவருக்கொருவர் திருத்தாமல் கடந்தோம். முடிந்ததும் அப்பா முன்பக்கம் நிறையப் புரட்டி ஈசாக்கின் அதிகாரத்தைத் தேடி எடுத்தார். திரும்பவும் இங்கே வந்தார்.

"அப்பனுக்குப் போகாதேன்னுருக்காரு. மகனுக்குப் போன்னுருக்காரு. ஒரே எகிப்துதான்." புத்தகத்தை மடியில் வைத்தார். "சரி. அப்ப நீ போத்தா."

அத்தைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு எழுந்திருக்கலாம். அவள் செய்தது வேறு.

"வேண்டாம்ணே. இது யாக்கோபுக்குச் சொன்னது. இதையும் ஒரு சீட்டா எடுத்துராதிய. ஒங்க மனசுல என்ன இருக்கு, அதச் சொல்லுங்க."

கூரையில் மழைச் சத்தம்.

"பயமா இருக்குத்தா" என்றார். "நம்ம அப்பாவ நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன்."

எங்கள் தாத்தா பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். அத்தை அப்போது கைக்குழந்தை. காய்ச்சலில் இறந்துவிட்டார் என்கிற செய்திதான் திரும்பி வந்தது. அப்பா படிப்பை விட்டுவிட்டு மில்லுக்குப் போனது அந்த வருஷம். இதெல்லாம் எனக்குத் தனித்தனியாகத் தெரியும், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில்லை. அன்றுவரை அப்பா பிடிவாதக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் தன் பயத்தைத் தன்னாலேயே சொல்ல முடியாமல், அதைச் சொல்லித்தர ஒரு சீட்டைத் தேடியிருக்கிறார். பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அது ஒரு வரியைத்தான் கொடுக்கும். அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க நாங்கள்தான் பீரோவுக்குக் கை நீட்டவில்லை.

அன்றைய ஜெபத்தில் அப்பா அந்தப் பயத்தை அப்படியே சொன்னார். பம்பாயையும் பஸ்ஸையும் சொன்னார். என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல, கூட இரும் என்று முடித்தார். பதில் கேட்காத ஜெபம். மறுநாள் மில்லிலிருந்து வந்து, தலையிலிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே, "மதுரைக்கு எப்பத்தா போகணும்? நானும் வாரேன்" என்றார்.

விசா வந்துசேர்வதற்குள் நாங்கள் வேதத்தின் நாலாவது புத்தகமான எண்ணாகமத்துக்கு வந்துவிட்டோம். தெருவில் ஒன்றிரண்டு வீட்டில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்திருந்தது. அத்தை கிளம்புகிற காலை சபையிலிருந்து சிலர் ஜெபிக்க வந்திருந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவும் வந்து தூணோரம் நின்றார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வேன் வாசலில் நின்றது. வேன்காரர் எங்கள் தெரு முனையில் கடை வைத்திருந்த முஸ்லிம் பாயின் தம்பி.

வழியனுப்பும்போது எல்லாரும் வேதத்திலிருந்து வாசிக்கிற சங்கீதம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்தார்கள். அப்பா எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்தைத் திறந்தார். அது எவ்வளவு நீளம் என்று வாசித்தவர்களுக்குத் தெரியும். கோத்திரத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு தலைவர்கள் ஆளுக்கொரு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஒருவர் கொண்டுவந்ததுதான் அடுத்தவரும். அதே வெள்ளித் தாலம், அதே கிண்ணம், தூபம் நிறைந்த அதே பொற்கரண்டி, அதே ஆடு மாடு. அவ்வளவையும் பன்னிரண்டு முறை முழுசாக எழுதியிருக்கிறது.

அம்மா அப்பாவின் காதோரம், நேற்றுச் சாயங்காலம் வாசித்த அதிகாரக் கடைசியில் அழகான ஆசீர்வாதம் இருந்ததே, அதையே திரும்ப வாசிப்போமா என்றாள்.

"வரிசையில இன்னைக்கு வந்தது இதான்" என்றார் அப்பா.

வாசித்தோம். மூன்றாவது தலைவர் வருவதற்குள் எனக்கு எல்லாம் மனப்பாடம். ஐந்தாவது தலைவருக்குச் சபையார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழாவது தலைவருக்கு வேன்காரர் வாசலில் தலையை நீட்டி, "அண்ணே, பிளேன் செத்த நேரம் நில்லுன்னா நிக்காதுண்ணே" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு எட்டாவது தலைவருக்குப் போனார். அப்போது எனக்கு அப்பா மேல் எரிச்சல்கூட வந்தது. இப்போது அந்தக் காலையை நினைத்தால் வேறு தெரிகிறது. தங்கையோடு ஒரு பாயில் உட்கார்ந்திருக்கிற நேரம். அதில் ஒரு வசனத்தைக்கூட அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

கடைசி வசனம் முடிந்து ஜெபம். அப்பா அத்தையின் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, பன்னெண்டு பேர் கொண்டாந்ததும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஆனாலும் ஒருத்தர் பேரையும் விடாம எழுதி வச்சிருக்கீர். மஸ்கட்டுல எம்புட்டோ நர்சுக, எல்லாரும் வெள்ளை உடுப்பு. எங்க பிள்ளையையும் தனியா எழுதி வச்சுக்கிடும்."

அத்தை அப்போதுதான் அழுதாள். எதிர்வீட்டு அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன் போய்விட்டது.

சாயங்காலம் வழக்கம்போலப் பாய் விரித்தோம். மூன்று பேர். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தை அம்மா வாசித்தாள். பிறகு நின்றுவிட்டாள். அப்பா தொடங்கவில்லை. நானும் தொடங்கவில்லை. அப்பா சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து அழைத்தார், ஸ்பீக்கரில் போட்டுப் பாயின் நடுவே வைத்தார். விமான நிலையத்து இரைச்சல், யாரோ எந்த ஊருக்கோ அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார்கள்.

"எங்கண்ணே இருக்கிய?" என்றாள் அத்தை.

"ரெண்டாம் வசனத்துல" என்றார் அப்பா.

தாள் புரள்கிற சத்தம் கேட்டது. குத்துவிளக்குத் தண்டில் விளக்குகளை எப்படி ஏற்றவேண்டும் என்று சொல்கிற வசனம் அது. அந்த இரைச்சலுக்கு மேலாக, அவசரப்படாமல், அத்தை வாசித்து முடித்தாள். அப்பா மூன்றாவதைத் தொடர்ந்தார்.

வேதத்தை எத்தனையோ முறை முடித்து மறுபடி தொடங்கிவிட்டோம். நான் இப்போது ஒரு ஊரில், அப்பா அம்மா ஒரு ஊரில், அத்தை கடலுக்கு அந்தப் பக்கம். நேரம் கிடைக்கிறதா என்றுதானே கேட்டீர்கள்? எங்களுக்கும் கிடைப்பதில்லை, அம்மா இன்னும் தேடித்தான் பிடிக்கிறாள். இன்று சாயங்காலமும் போன் அடிக்கும். முதல் வசனத்தை அம்மா வாசிப்பாள். பிறகு செத்த நேரம் எல்லாரும் பேசாமல் இருப்போம், அத்தையின் குரல் வந்துசேரும்வரை.